மார்ச் மூன்றாம் தேதிக் கையெழுத்து

கத்தரிக்கோலைக் கண்டால் ரெய்னோ சல்மேலாவுக்குக் குமட்டிக்கொண்டு வரும். துணி வெட்டுகிற கத்தரியைச் சொல்லவில்லை. பனித்தளத்தில் ஆடுகிற ஐஸ் ஹாக்கியின் பழைய ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களை விலைக்கு வாங்கி, ஐம்பது வருஷம் மடிப்புக் கலையாமல் இருந்த காகிதத்திலிருந்து கையெழுத்தை மட்டும் நறுக்கியெடுத்து, பளபளப்பான அட்டைக்குள் பதித்து விற்கிறார்களே, அந்தக் கத்தரி. மிச்சக் காகிதம் குப்பைக்கூடைக்குப் போகும். மூஸ் மானைச் சுட்டுக் கொம்பை மட்டும் அறுத்துக்கொண்டு, உடம்பைக் காட்டிலேயே அழுக விட்டுப் போகிறவர்களைப் பற்றி அவன் ஊரான ஆல்டர் கிரீக்கில் என்ன பேசுவார்களோ, அதையேதான் ரெய்னோ இவர்களைப் பற்றிப் பேசுவான். கூடவே நாலு கெட்ட வார்த்தையும் சேர்த்துக்கொள்வான்.

அவன் முப்பத்தொரு வருஷம் தங்கச் சுரங்கத்தில் கூண்டு ஓட்டியவன். மேலே ஒரு அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, மணிச் சத்தத்தைக் கேட்டு, நாலாயிரம் அடி ஆழத்துக்கு ஆட்களை இறக்குவதும் ஏற்றுவதும்தான் வேலை. கை ஒரு விரற்கடை பிசகினால் இருபது பேர் உயிர் போகும். பிசகவில்லை. அந்தக் கவனம் முழுவதும் ஓய்வு பெற்றபின் காகிதத்தின்மேல் இறங்கிவிட்டது. அவன் மனைவி பியெரினா இத்தாலியக் குடும்பத்துக்காரி, வாய்க்காரி. வீட்டுக்கு வருகிறவர்களிடம், "எனக்கு ஒரு புருஷன், இருநூத்திப் பதினோரு சக்களத்தி" என்பாள். ஒப்பந்தங்கள் இருநூற்றுப் பதினொன்று இருந்தன.

எல்லாம் ஒரு குப்பை வண்டியில் தொடங்கியது. எழுபத்தேழாம் வருஷம், பக்கத்து ஊரிலிருந்த இரண்டாம் நிலை அணியை அதன் தாய்க் கிளப் மூடியது. அலுவலகத்துப் பெட்டிகளையெல்லாம் தூக்கிக் குப்பை வண்டிக்காக வாசலில் பனியிலேயே வைத்துவிட்டார்கள். அந்த வழியாகப் போன ரெய்னோ ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தான். உள்ளே ஒப்பந்தங்கள். துருப்பிடித்த கிளிப் போட்ட தடம், எவனோ வைத்த காப்பிக் கோப்பையின் வட்டம், ஓரத்தில் சுருக்கெழுத்து, அடியில் பேனாவை அழுத்தி எழுதிய முழுப் பெயர். பதினாறு பெட்டியையும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். அதற்கப்புறம் வருஷம் பூராவும் கடிதம் எழுதி, ஏலத்துக்குப் போய், விதவைகள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, மேலும் மேலும் சேர்த்தான்.

அவனுக்குக் கையெழுத்து மட்டும் போதாது, காகிதம் முழுக்க வேண்டும். கோடையில் பேஸ்பால் ஆடக்கூடாது என்று ஒருவனுக்குப் போட்ட தடை, உடைகிற பல்லுக்கெல்லாம் கிளப்பே செலவு செய்யும் என்று ஒரு கோல்கீப்பர் சண்டை போட்டுத் தட்டச்சில் சேர்க்க வைத்த வரி, இதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்வான். ஆட்டக்காரன் பனியில் என்ன செய்தான் என்று ஊருக்கே தெரியும். மேஜைக்கு முன்னால் என்ன பாடுபட்டான் என்பது இந்தக் காகிதத்துக்கு மட்டும்தான் தெரியும் என்பது அவன் கட்சி.

இருநூற்றுப் பதினொன்றிலும் அவன் உயிரை வைத்திருந்தது ஒரே ஒரு காகிதத்தில். அது ஒப்பந்தம்கூட இல்லை, சி படிவம். அந்தக் காலத்தில் பெரிய லீக் கிளப்புகள் பதினைந்து பதினாறு வயசுப் பையன்களைப் பிடித்து அதில் கையெழுத்து வாங்கிக்கொள்ளும். அப்பன் சம்மதமாக இன்னொரு கையெழுத்து. போட்டாயிற்று என்றால் பையன் அந்தக் கிளப்புக்குத்தான். கிளப்பாக விட்டால் ஒழிய வேறு எவனும் அவனைத் தொட முடியாது. ரெய்னோ கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது ஓவிலா திபோவின் சி படிவம். தேதி மார்ச் 3, 1949.

ஓவிலா திபோ இதே ஊர்க்காரர். இவர் மாதிரி பனியில் திரும்புகிற ஆளை இன்னும் பார்க்கவில்லை என்று கிழடுகள் இன்றைக்கும் சொல்லும். பிரெஞ்சுக்காரப் பையன், மாண்ட்ரியாலில் ஆடவேண்டும் என்று சாப்பாடு தூக்கம் இல்லாமல் கிடந்தவர். ஆனால் கட்டிப்போட்டது தெற்கே இருந்த இன்னொரு கிளப். அங்கே அவருக்கு இடம் இல்லை. விடவும் மாட்டோம் என்றார்கள். பதினைந்து வருஷம் சின்ன ஊர்களில் பஸ் ஏறி இறங்கி, பெரிய லீக்கில் மொத்தமே ஒன்பது ஆட்டம் ஆடிவிட்டு, முழங்கால் தேய்ந்து திரும்பி வந்தார். வந்த நாள்முதல் ஊர் அரீனாவில் பனித்தளத்தைச் சீவி வழவழப்பாக்குகிற வண்டியை ஓட்டுகிறார். கல்யாணம் இல்லை. பேச்சும் அதிகம் இல்லை. ஊர் முழுக்க வந்து பார்த்த அந்தச் சி படிவத்தைப் பார்க்க இருபது வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட ரெய்னோ வீட்டுப் படி ஏறியதில்லை. திமிர் பிடித்த கிழம் என்று ரெய்னோ நினைத்துக்கொண்டான்.

ஓவிலாவுக்குத் தன் அப்பாவைப் பிடிக்காது என்பதும் ஊரறிந்த சங்கதி. மாண்ட்ரியால் வரும்வரை எதிலும் கைவைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த அப்பா, மகனை வேறொரு கிளப்புக்கு விற்றுவிட்டார். அப்படித்தான் ஓவிலா நம்பினார், ஊரும் நம்பியது. ஃபெர்தினான் திபோ சுரங்கத்தில் துளை போடுகிறவர், வாயில்லாப் பூச்சி. மகனை விற்றவன் என்று அவரோடு உட்கார்ந்து பீர் குடிக்கக்கூட ஆள் இல்லாமல் போயிற்று. அறுபத்திரண்டாம் வருஷம் செத்தார். ஓவிலா சாவுக்கு வரவில்லை.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் நவம்பரில் அரீனாக் கமிட்டி ஒரு முடிவு எடுத்தது. முன்கூடத்தில் கண்ணாடி அலமாரி வைத்து, ரெய்னோவின் சேகரிப்பிலிருந்து ஊர்க்காரர்களின் ஒப்பந்தங்களை நிரந்தரமாக வைப்பது. அலமாரிக்கு ரெய்னோவின் அப்பா யால்மரி சல்மேலாவின் பெயரை வைப்பது. யால்மரிதான் அந்தக் காலத்தில் அந்தத் தெற்கத்திக் கிளப்புக்கு இந்த ஊரில் கண்ணாக இருந்தவர். ஸ்கேட் சாணை பிடிக்கிற கொட்டகை வைத்திருந்தார்; எந்தப் பையன் தேறுவான் என்று பார்த்துச் சொல்லி, படிவத்தில் கையெழுத்து வாங்கி அனுப்புவார். "எங்க ஊர் ஹாக்கியின் தந்தை" என்று பித்தளைப் பலகைகூட அடித்து வந்துவிட்டது. திறப்பு விழா சனிக்கிழமை. ரெய்னோவுக்குத் தலைகால் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை டொரொன்டோவிலிருந்து ஸ்டோபர்ட் என்ற வியாபாரி வந்தான். கத்தரி ஆசாமி. அந்தத் தெற்கத்திக் கிளப்பில் ஒரு ஆட்டமாவது ஆடிய அத்தனை பேரின் கையெழுத்தையும் அட்டையாகப் போடுகிறானாம். ஓவிலா யாருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற ஆள் இல்லை என்பதால் அந்த ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. ரெய்னோ வேண்டுமென்றே சி படிவத்தைச் சுவரிலிருந்து இறக்கி, கண்ணாடியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தான். வாயில் எச்சில் ஊறட்டும், பிறகு இல்லை என்று சொல்லி அனுப்பலாம் என்ற குரூர ஆசைதான்.

ஸ்டோபர்ட் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். பியெரினா வைத்த காப்பி ஆறிப்போயிற்று. பிறகு காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டான்.

"காகிதம் அசல். மையும் அந்தக் காலத்து மைதான். ஆனா பையன் பேரும் அப்பன் பேரும் ஒரே கை போட்டிருக்கு சார். திபோங்கிற பேருக்கு இங்கிலீஷ்ல முதல்ல வர்ற அந்த டி எழுத்தைப் பாருங்க."

ரெய்னோவுக்குச் சுரீரென்று ஏறியது. பதினைந்து வயசுப் பையன் எழுத்து அப்படித்தான் இருக்கும், வளர்ந்தபின் மாறும், இதுகூடத் தெரியாமல் வியாபாரம் செய்ய வந்துவிட்டாயா என்று பிடித்து வாங்கினான். காகிதத்தைக் கொலை செய்கிற கசாப்புக்காரனுக்குக் கையெழுத்தைப் பற்றி என்ன தெரியும் என்றும் கேட்டான்.

ஸ்டோபர்ட் கோபப்படவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னான்: "நான் வெட்டுறவன்தான், அதை மறைக்கல. ஆனா பொய்க் கையெழுத்தை வெட்டி விக்கிற அளவுக்கு நான் இன்னும் இறங்கல."

கத்தரிக்காரன் தன் வீட்டில் கைதுடைத்துவிட்டுப் போனதை ரெய்னோவால் தாங்க முடியவில்லை. அவனைப் பொய்யனாக்கிக் காட்டுகிறேன் என்று ஓவிலாவின் மற்ற ஒப்பந்தங்கள் ஏழையும் எடுத்து மேஜையில் வரிசையாகப் பரப்பினான். மதியம்வரை பார்த்தான். ஏழிலும் ஓவிலாவின் டி குச்சி மாதிரி நேராக, குறுக்கே ஒரு கோட்டோடு நின்றது. சி படிவத்தில் இருந்த டி வேறு. மேல்கோடு வலது முனையில் தூண்டில் முள் மாதிரிக் கீழே வளைந்திருந்தது. அப்பன் பெயரிலும் அதே முள்.

அப்புறம்தான் தேதி கண்ணில் பட்டது. மார்ச் 3, 1949. ஓவிலாவின் இடது காதின் மேல்பாதி கிடையாது. ஊரில் அவருக்கு அரைக்காது என்றே பெயர். அந்த வருஷம் அவர் அணி பிப்ரவரி தொடக்கத்திலேயே தோற்று வெளியேறியதும் மாமாவோடு மரம் வெட்டுகிற முகாமுக்குப் போனார். மார்ச்சுக் குளிரில் காது உறைந்து கறுத்துப்போய் ஈஸ்டருக்குத்தான் திரும்பி வந்தார். தொண்ணூறு மைல் காடு, அப்போது ரோடு கிடையாது. இந்தக் கதை ஊரில் எல்லாருக்கும் தெரியும், ரெய்னோவுக்கும் தெரியும். இருபது வருஷமாகக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்த சேகரிப்பாளன், அதற்குப் பக்கத்திலேயே இருந்த தேதியைப் பார்க்கவில்லை. பெரிய நிபுணன்!

அந்த முள்ளை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று மனசு அரித்தது. சட்டென்று எங்கே என்று தெரிந்தது. காகிதத்தை எடுத்துக்கொண்டு, பூட்ஸுக்குள் பனி ஏறுவதுகூடத் தெரியாமல் வீட்டுக்குப் பின்னால் அப்பா கட்டிய சவ்னா என்கிற நீராவிக் குளியலறைக்குப் போனான். துணி மாற்றுகிற இடத்துக் கதவின் உட்புறம், சின்ன வயசில் ரெய்னோ வளர்ந்த உயரத்தை அப்பா ஜனவரிக்கு ஜனவரி பென்சிலால் குறித்து வைத்திருந்தார். அப்பாவின் ஃபின்னிஷ் மொழியில் ஜனவரிக்குத் தம்மிகூ என்று பெயர், அதுவும் டியில்தான் தொடங்கும். தம்மிகூ 1946, தம்மிகூ 1947, தம்மிகூ 1948. ஒவ்வொரு டியிலும் தூண்டில் முள்.

காகிதத்தைக் கதவோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தான். பிறகு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கு யாரையும் கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. அந்தக் குப்பைப் பெட்டிகளிலேயே அதுவும் கிடைத்திருந்தது. பெருமையாகக் கோப்பில் போட்டு வைத்திருந்தான். ஒரு பருவத்தில் பன்னிரண்டு பையன்களைப் பிடித்துக் கொடுக்கிற ஆளுக்குக் கிளப் ஒரு கோட்டு பரிசு தரும். பழுப்பு நிறக் கம்பளி, கழுத்தில் ரோமப் பட்டை, உள்பக்கம் தங்க நூலில் கிளப்பின் சின்னம். யால்மரி சல்மேலாவின் நாற்பத்தொன்பதாம் வருஷப் பட்டியலில் ஜனவரிக்குள் பதினோரு பெயர். பன்னிரண்டாவது பெயர் திபோ, மார்ச் மூன்று.

அந்தக் கோட்டு ரெய்னோவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. பார்சல் வந்த அன்றைக்கு அவன் அந்த ரோமத்தில் கன்னத்தை வைத்துத் தேய்த்தான். அப்பா அதைப் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்குப் போவார். ஃபெர்தினான் திபோ செத்தபோது சவப்பெட்டிக்கு ஒரு முனையில் தோள் கொடுக்க ஆள் குறைந்தது. அப்பாதான் முன்வந்தார், அதே கோட்டில். எங்கப்பா எவ்வளவு பெரிய மனசுக்காரர் என்று அன்று இருபத்து மூன்று வயசு ரெய்னோ பூரித்துப்போனான். அதை நினைத்தபோது தன்மேலேயே அவனுக்கு அருவருப்பு வந்தது. அந்தக் கோட்டு இன்னும் அவன் வீட்டு அலமாரியில்தான் தொங்கியது.

பியெரினாவிடம் சொன்னான். அவள் கையிலிருந்த மாவை உதறிவிட்டுக் கேட்டாள். அப்புறம் அலமாரியைத் திறந்து அந்தக் கோட்டை இரண்டு விரலால் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள்.

"அந்தாளு புண்ணியவான்னு நான் என்னைக்காவது சொன்னேனா? முப்பது வருஷமா இதுல பூச்சி உருண்டை நாத்தம்னு நெனச்சிட்டிருந்தேன். இப்பத்தான் தெரியுது என்ன நாத்தம்னு."

ரெய்னோ தரையைப் பார்த்துக்கொண்டு, சனிக்கிழமை விழா இருக்கே என்றான். காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும் என்றும் முணுமுணுத்தான். இருநூற்றுப் பதினோரு காகிதத்தைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டவன், கத்தரியைக் கண்டால் காறித் துப்புகிறவன், அவன் வாயிலிருந்துதான் இது வந்தது. காதில் விழுந்ததும் அவனுக்கே கூசியது.

பியெரினா மறுபடி மாவைப் பிசையப் போய்விட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: "எரிச்சுடு. அப்புறம் அந்த வெட்டுறவனைப் பத்தி இந்த வீட்டுல ஒரு வார்த்தை பேசாத. அவன் கையெழுத்தையாவது மிச்சம் வெக்கிறான்."

புதன்கிழமை முழுவதும் ரெய்னோ வீட்டுக்குள்ளேயே நடந்தான். கொஞ்ச நேரம் அப்பாவைப் பற்றி யோசித்தான், கொஞ்ச நேரம் பித்தளைப் பலகையைப் பற்றி. கமிட்டிக்காரர்கள் போன் செய்து, அப்பாவின் நல்ல போட்டோ ஒன்று வேண்டும், அந்தக் கோட்டுப் போட்ட போட்டோ இருக்கிறதாமே என்றார்கள். போனை வைத்துவிட்டுப் போய் வாயைக் கொப்பளித்தான்.

வியாழக்கிழமை மதியம் காகிதத்தைக் கோப்பில் வைத்து, கோட்டை ஒரு பையில் திணித்துக்கொண்டு அரீனாவுக்குப் போனான். பின்பக்கக் கொட்டகையில் ஓவிலா பனி வண்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, டப்பாவிலிருந்து இறைச்சி அடைத்துச் சுட்ட பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அறுபத்தாறு வயசிலும் தோள் அப்படியே இருந்தது. ரெய்னோவைப் பார்த்ததும், சனிக்கிழமைக்கு முன்கூடத்தை ஏற்கெனவே இரண்டு தடவை கழுவியாச்சு, இன்னும் என்ன என்றார்.

ரெய்னோ வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தான். அதை விட்டுவிட்டு, கோப்பைத் திறந்து நீட்டினான்.

ஓவிலா தலையைத் திருப்பிக்கொண்டார். "அதை எடுத்துட்டுப் போடா. இருபது வருஷமா நான் உன் வீட்டுப் பக்கம் வராதது எதுக்குன்னு நெனச்ச?"

"ஒரு தடவை பாருங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன். உங்க கையெழுத்து இல்ல இது."

"என் கையெழுத்து இல்லன்னு எனக்குத் தெரியாதா? நான் காட்டுல காது செத்துக் கெடந்தேன். அவர்தான் எனக்கும் சேத்து எவனையோ போட வெச்சுட்டு, அடியில அவரும் போட்டாரு. அதைப் பாக்கச் சொல்றியா?"

ரெய்னோ கோப்பை அவர் மடியிலேயே வைத்துவிட்டான். ஓவிலா டப்பாவை மூடினார். சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டார். தன் பெயரை அவர் பார்க்கவே இல்லை. நேராகக் கீழ்வரிக்குப் போனார். அங்கே சுத்தமான, சரளமான எழுத்தில் ஃபெர்தினான் திபோ என்று இருந்தது.

பெண்கள் அணி ஒன்று பனித்தளத்துக்காகக் காத்திருந்து, தடுப்புப் பலகையில் மட்டையால் தட்டிக்கொண்டிருந்தது.

"யாரு எழுதினது இது?"

ரெய்னோ பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே சொன்னார்: "எங்கப்பாவுக்கு எழுதத் தெரியாது. சுரங்கத்துல சம்பளம் வாங்கினாலும் சரி, கோயில்ல என் ஞானஸ்நானத்துக்கும் சரி, கையெழுத்துக்குப் பதிலா ஒரு சிலுவைக் குறிதான் போடுவாரு. வெளியில அதைச் சொல்லிக்கவே அவருக்கு அவ்வளவு வெக்கம். உங்க ஃபின்னிஷ்காரங்களுக்கெல்லாம் அது தெரியாது."

ரெய்னோ கையிலிருந்த பையைக் கீழே வைத்தான்.

"ஈஸ்டருக்கு நான் வந்தப்ப கிளப்புலேந்து வந்த கடுதாசி மேஜைமேல கெடந்துச்சு. உன் அப்பா சம்மதிச்சுட்டார், நீ இனிமே எங்க ஆளுன்னு. இவரால படிக்க முடியாதே, உங்கப்பன்கிட்டதான் எடுத்துட்டுப் போயிப் படிக்கச் சொல்லியிருக்காரு. உங்கப்பன் படிச்சுக் காட்டிட்டு, கையைப் பிடிச்சுக் குலுக்கி ஒரு சுருட்டும் குடுத்தானாம். நான் போடலடா, நான் எதுலயும் போடலன்னு எங்கப்பா என்கிட்ட ஒரே ஒரு தடவை சொன்னாரு. நான் அவர் மூஞ்சியிலேயே துப்பினேன்."

ஓவிலா கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை வருஷம் நீ மாட்டி வெச்சிருந்தது அவரோட சிலுவைன்னு நெனச்சேன். அதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. அதான் உன் வீட்டுப் படி ஏறல. ஏறியிருந்தா அவர் போடலன்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்."

எழுதியவர் தன் அப்பாதான் என்று அப்போதுதான் ரெய்னோ வாய்விட்டுச் சொன்னான். சவ்னாக் கதவையும், பட்டியலையும், பன்னிரண்டாவது பெயரையும் சொன்னான். பையிலிருந்து கோட்டை எடுத்துக் காட்டினான். மன்னிப்பு என்ற சொல்லைத் தொடப்போனபோது ஓவிலா கையை உயர்த்தித் தடுத்தார். அதற்குப் பாதிரியார் இருக்கிறார், இங்கே எதற்கு என்றார்.

பிறகு அந்தக் கோட்டை வாங்கினார். உள்பக்கத்தைத் திருப்பித் தங்க நூல் சின்னத்தைப் பார்த்தார், கழுத்து ரோமத்தை ஒரு தடவை தடவினார். குனிந்து, பனி வண்டியின் இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் சொட்டுகிற இடத்தில் அதை விரித்துப் போட்டு, காலால் நன்றாக உள்ளே தள்ளினார்.

"ரொம்ப நாளா ஒரு துணி தேடிட்டிருந்தேன்," என்றார்.

கிளம்பும்போது ரெய்னோ காகிதத்தை என்ன செய்ய என்று கேட்டான். ஓவிலாவுக்கே கொடுத்துவிடலாம் என்று வந்தவன்தான். ஆனால் இத்தனைக்கும் நடுவில், அப்பன் எழுதாத அப்பன் கையெழுத்து, உலகத்தில் இப்படி இன்னொன்று இருக்காது என்று சேகரிப்பாளன் புத்தி ஒரு மூலையில் கணக்குப் போட்டது. சீ என்றிருந்தது அவனுக்கு.

ஓவிலா வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார். "ஊரே உன் வீட்டுக்கு வந்து, மகனை வித்தவன் கையெழுத்துன்னு எங்கப்பாவைப் பாத்துட்டுப் போச்சுல்ல? சனிக்கிழமை அதே ஊர் வரும். அங்கேயே மாட்டு. யார் போட்டதுன்னு உன் கையால எழுதி மாட்டு." வண்டியைக் கிளப்பிக்கொண்டு பனித்தளத்துக்குள் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ரெய்னோ கமிட்டிக்காரர்களிடம் சொன்னான். முதலில் யாரும் நம்பவில்லை. நம்பிய பிறகு, ஐம்பது வருஷத்துக் கதையை எதற்கு இப்போது கிளறவேண்டும், சி படிவத்தை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை வைக்கலாமே, பலகைக்குக் காசு கொடுத்தாச்சே என்று ஆளாளுக்குப் பேசினார்கள். ஒருவர் அவன் தோளில் கைபோட்டு, செத்தவர் வாய்திறந்து பேசப் போகிறாரா என்றார். தானும் செவ்வாய்க்கிழமை இதைத்தானே பேசினோம் என்று நினைத்தபோது ரெய்னோவுக்கு அந்தக் கையை உதறிவிடத் தோன்றியது. உதறிவிட்டான். ஸ்க்ரூடிரைவர் கொண்டுவந்து பித்தளைப் பலகையைத் தானே கழற்றினான்.

சனிக்கிழமை முன்கூடத்தில் கூட்டம். அலமாரியின் நடுத்தட்டில் சி படிவம். அதன் கீழே கெட்டி அட்டையில் ரெய்னோவின் கையெழுத்தில் எழுதியிருந்தது: ஓவிலா திபோ இதில் கையெழுத்துப் போடவில்லை. ஃபெர்தினான் திபோ இதில் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு பெயரையும் எழுதியவர் என் அப்பா யால்மரி சல்மேலா, ஒரு கோட்டுக்காக.

படித்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஃபெர்தினானோடு ஒரே மேஜையில் பீர் குடிக்காத கிழவர்கள் மூன்று பேர் இன்னும் உயிரோடு இருந்தார்கள். மூன்று பேரும் வந்திருந்தார்கள், கேக் சாப்பிடாமல் போனார்கள். பியெரினா ரெய்னோவுக்குப் பக்கத்தில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசியாக ஓவிலா வந்தார், வேலை உடுப்போடு. வழிவிட்டார்கள். அட்டையை உதடு அசையப் படித்தார். பிறகு ரெய்னோவைப் பார்த்து அலமாரியைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் பேனா கேட்டார்.

யாருக்கும் ஒரு கையெழுத்துக்குக்கூட ஒப்புக்கொள்ளாத மனுஷன். ரெய்னோ தன் பேனாவைக் கொடுத்தான். ஓவிலா தன் பெயரை எழுதவில்லை. அட்டையில் ஃபெர்தினான் திபோ என்று எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில், நிதானமாக, எழுதத் தெரியாத ஒருவர் போடுகிற மாதிரி பேனாவை முழுக்கையால் பிடித்துக்கொண்டு, ஒரு சிலுவை போட்டார். மை காயும்வரை ஊதினார்.

"எங்கப்பா போடறது இப்படித்தான்," என்றார்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குப் பனித்தளத்தைச் சீவ நேரமாகிவிட்டது என்று பின்பக்கம் போனார். ரெய்னோ அலமாரியைப் பூட்டினான். அதற்கப்புறம் அவன் புதிதாக ஒரு ஒப்பந்தமும் வாங்கவில்லை.